கடல் கடக்கும் குழந்தையும் இரு அரசுகளின் கையொப்பமும்

(நமது பங்கின் பொன்விழாக் குடும்ப நாளன்று ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்குக் கொடுத்த தலைப்பு சற்று வறண்டதுதான். 'வெளிநாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுப்பது பற்றி அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பந்திக்குக் காத்திருக்கும் வேளையில் விதி, பிரிவு, உடன்படிக்கை என்று பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் இதைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியர் நம் பங்கிலும் உண்டு. வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் இன்று அரிது. பெற்ற பிள்ளையை வளர்க்க வழியின்றிக் கோயில் வாசலில் வந்து நிற்கும் ஏழைத் தாயையும் நாம் கண்டிருக்கிறோம். இந்த மூவரையும் ஒரே தாளில் சந்திக்க வைப்பதுதான் இந்த ஒப்பந்தம்.

முதலில் நம் சமூகத்தில் பலர் மறந்துவிட்ட ஒரு செய்தி. 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகாரச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு மட்டுமே உரியது. கிறிஸ்தவருக்கோ, இஸ்லாமியருக்கோ, பார்சிகளுக்கோ தத்தெடுக்கும் சட்டம் என்று ஒன்று அக்காலத்தில் இருக்கவில்லை. நம்மவர் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்க விரும்பினால், வெள்ளையர் காலத்தில் 1890-ல் இயற்றப்பட்ட காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றம் சென்று 'காப்பாளர்' என்ற பெயரைத்தான் பெற முடிந்தது. அந்தப் பிள்ளை வாயார அப்பா என்றும் அம்மா என்றும் அழைக்கும். சட்டமோ இவர்களைக் காப்பாளர் என்றே அழைக்கும். பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்த உறவும் சட்டத்தின் பார்வையில் தீர்ந்துவிடும். உயில் எழுதி வைத்தாலன்றிச் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. இதைச் சரிசெய்ய 1972-ல் ஒரு மசோதாவும் 1980-ல் மற்றொன்றும் பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டன. இரண்டும் சட்டமாகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுவீடனிலிருந்தோ பிரான்சிலிருந்தோ குழந்தை தேடி வந்த வெள்ளைக்காரத் தம்பதியும் நம்மவரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். அவர்களுக்கும் அந்த 1890-ஆம் ஆண்டுச் சட்டமே கதி. இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெறுவார்கள். நீதிமன்றத்தின் அனுமதியோடு குழந்தையை விமானத்தில் ஏற்றிச் செல்வார்கள். தங்கள் நாட்டுக்குப் போன பிறகு அந்த நாட்டுச் சட்டப்படி தத்தெடுப்பார்கள். அதாவது இங்கே பாதி வேலை, அங்கே பாதி வேலை. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குழந்தை யாருடையது? இந்தியக் குழந்தையா, அந்நாட்டுக் குழந்தையா? போன இடத்தில் தத்தெடுக்காமலே விட்டுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இந்தக் கேள்விகளுக்கு அப்போது யாரிடமும் தெளிவான விடை இல்லை.

1982-ஆம் ஆண்டு லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் சில நிறுவனங்கள் முறைகேடாக நடக்கின்றன. நெடும்பயணத்தில் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து. பிழைத்துப் போய்ச் சேர்ந்தவர்களும் நாதியற்றுப் போகக்கூடும் என்பது அவருடைய முறையீடு. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நீதிபதி பகவதி அவர்கள் எழுதிய தீர்ப்புதான் இன்றுவரை இந்தத் துறைக்கு அடித்தளம். வெளிநாட்டார் தாமாக வந்து இங்கே குழந்தை தேடக் கூடாது. அவர்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஒரு நலச் சங்கம் அவர்களுடைய வீட்டையும் குணத்தையும் வருவாயையும் ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். இங்கேயும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் வழியாகவே குழந்தையைப் பெறவேண்டும். நீதிமன்றத்துக்குத் துணையாக, பணம் சம்பந்தப்படாத வேறொரு அமைப்பு எல்லாத் தாள்களையும் சரிபார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, குழந்தைக்கு இந்த நாட்டிலேயே ஒரு பெற்றோரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றது. தாயின் சம்மதத்தைப் பிள்ளை பிறக்கும் முன்பே எழுதி வாங்குவதையும் தடுத்தது. சட்டமன்றம் செய்யாததை ஒரு கடிதமும் ஒரு தீர்ப்பும் செய்தன. இதன் தொடர்ச்சியாக 1990-ல் மத்திய அரசு 'காரா' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தத்தெடுப்பு ஆணையத்தை அமைத்தது.

ஆனால் ஒரு நாட்டு நீதிமன்றத்தின் ஆணை விமான நிலையத்தோடு நின்றுவிடும். சுவீடனில் உள்ள அதிகாரியை நம் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்த முடியாது. நம் ஊர்த் தரகனை சுவீடன் அரசு கட்டுப்படுத்த முடியாது. இரு கரையிலும் காவல் வைத்து நடுவில் பாலம் இல்லாத நிலை. அண்டை நாடாகிய இலங்கையில் இதன் விளைவைக் கண்டோம். 1980-களில் அங்கிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குச் சென்றதாகக் கூறப்படுகிறது. அவர்களுள் நான்காயிரம் பேர் வரை சென்றது நெதர்லாந்துக்கு. பல குழந்தைகளின் தாள்களில் தாயென்று கையொப்பமிட்டவள் உண்மைத் தாய் அல்லள். கூலிக்கு வந்து நின்ற வேறொரு பெண். 'பிள்ளைப் பண்ணை' என்று பெயர் பெற்ற இடங்கள் வெளிச்சத்துக்கு வந்தபின் 1987-ல் இலங்கை அரசு சிறிது காலம் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2017-ல், நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதைக் கிளறியபோது, இந்த முறைகேடுகள் நடந்தது உண்மையே என்று இலங்கை அமைச்சர் ஒருவரே ஒப்புக்கொண்டார். ருமேனியாவிலோ 1989-ல் கொடுங்கோலன் வீழ்ந்ததும் அனாதை இல்லங்களின் கோரக் காட்சிகளை உலகம் கண்டது. இரக்கப்பட்டவர்களும் வியாபாரிகளும் ஒரே விமானத்தில் வந்திறங்கினார்கள். ஓரிரு ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகள் வெளியே போயின. இல்லங்களிலிருந்து மட்டுமல்ல, ஏழைத் தாய்மாரின் மடியிலிருந்தும் விலைபேசி எடுத்துச் சென்றார்கள்.

இந்த அனுபவங்களின் மேல் எழுந்ததுதான் ஹேக் உடன்படிக்கை. நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் 1993-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் முடிவானது. மூன்று நாடுகள் ஏற்றுக்கொண்டால் நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. அந்த முதல் மூன்று நாடுகள் எவை என்று எண்ணுகிறீர்கள்? மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை. மூன்றும் பிள்ளை கொடுத்த நாடுகள். பிள்ளை பெற்றுக்கொண்ட செல்வ நாடுகள் பின்னால்தான் வந்தன. அடிபட்ட வீடு முதலில் பூட்டு வாங்குவது இயல்புதானே. 1995-ஆம் ஆண்டு மே முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் கையெழுத்திட்டு, அதே ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து அதற்குக் கட்டுப்பட்டது. அமெரிக்கா 2008-ல் வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன.

அந்த உடன்படிக்கை என்னதான் சொல்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பிள்ளையில்லாதவருக்குப் பிள்ளை தேடிக் கொடுக்கும் ஏற்பாடு என்று பலர் இதை எண்ணுகிறார்கள். அது தவறு. பிள்ளைக்குப் பெற்றோர் தேடிக் கொடுக்கும் ஏற்பாடு அது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். இல்லை. முதலாவதில் கேட்பவர் பெரியவர். அவருக்கு அவசரம் உண்டு, பணமும் உண்டு. இரண்டாவதில் கேட்பது வாய் பேசாத குழந்தை. அதன் சார்பில் இரண்டு அரசுகள் பேசவேண்டும்.

குழந்தையின் நாட்டு அரசு முதலில் ஒன்றை உறுதி செய்யவேண்டும். இந்தப் பிள்ளைக்கு இங்கே யாருமில்லையா? தாய், தகப்பன், பாட்டி, சித்தி, பெரியப்பா என்று எவரும் இல்லையா? இதே நாட்டில் வேறொரு குடும்பம் ஏற்க முன்வரவில்லையா? இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே கடல் கடக்கும் பேச்சு. தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பிறகுதான் பெறப்பட வேண்டும். அவளுக்கு அதன் விளைவை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். இனி இந்தப் பிள்ளை சட்டப்படி உன்னுடையது அன்று என்பதை அவள் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். பணமோ பொருளோ கொடுத்து வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது. பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதானால் அதையும் கேட்கவேண்டும். பெறுகின்ற நாட்டு அரசோ, வரப்போகும் பெற்றோர் தகுதியுள்ளவரா என்று ஆராய்வதோடு, குழந்தை அங்கே நிலையாகத் தங்க உரிமை உண்டு என்பதையும் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். இரு அரசுகளும் 'ஆம்' என்று சொன்ன பின்னரே குழந்தையைப் பெற்றோர் கையில் ஒப்படைக்கலாம்.

இன்னொரு விதி நம் மக்களுக்குக் கடுமையாகத் தோன்றும். இந்தச் சம்மதங்களும் ஆய்வும் முடியுமுன், தத்தெடுக்க வருவோர் பெற்ற தாயையோ பிள்ளையை வைத்திருப்பவரையோ சந்திக்கலாகாது. உறவினருக்குள் நடக்கும் தத்து போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. 'பார்த்துப் பேசினால் என்ன குற்றம்?' என்று கேட்கலாம். பேசினால் கண்ணீர் வரும். கண்ணீர் வந்தால் கை பைக்குள் போகும். கொடுப்பவர் அதை உதவி என்பார். வாங்குபவளுக்கு அது விலையாகிவிடும். நல்லவர்களுக்கிடையிலும் இது நடக்கும் என்று அறிந்துதான் அந்தக் கதவை அடைத்தார்கள். சேவைக்கு உரிய நியாயமான செலவை மட்டும் பெறலாம். அதற்குமேல் எவரும் இதில் ஆதாயம் அடையக் கூடாது என்பதும் உடன்படிக்கையில் உண்டு.

முன்னே சொன்ன பாதி வேலைச் சிக்கலுக்கும் இங்கே விடை கிடைத்தது. உடன்படிக்கையின்படி முடிந்த தத்துக்கு ஒரு சான்றிதழ் வழங்கப்படும். அந்தச் சான்றிதழை உடன்படிக்கையில் உள்ள எல்லா நாடுகளும் அப்படியே ஏற்றாக வேண்டும். அங்கே போய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நடுக்கடலில் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும் குழந்தை இனி இருக்கக் கூடாது என்பது நோக்கம்.

இவ்வளவும் எழுதியாயிற்று, இனிக் குறையேதும் இல்லை என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. 1990-களின் இறுதியில் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகள் சிலர், தாயே மனமுவந்து ஒப்படைத்ததாகப் பொய்த்தாள் தயாரிக்கப்பட்டு, ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அனுப்பப்பட்டார்கள். 2005-ல்தான் அந்த உண்மை வெளியே வந்தது. கவனியுங்கள்: அப்போது பகவதி அவர்களின் தீர்ப்பு நடைமுறையில் இருந்தது, காரா இருந்தது, நீதிமன்றம் ஒவ்வொரு தாளையும் பார்த்துத்தான் அனுமதி தந்தது. தாள்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. முதல் தாளில் இருந்த கையொப்பம் மட்டும் பொய். அந்த முதல் பொய்யின்மேல் அடுக்கிய முத்திரைகள் அத்தனையும் உண்மையான முத்திரைகள். ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் அரசுக்கு அந்தக் கையொப்பத்தின் உண்மை தெரிய வழியில்லை. அது தெரியக்கூடியவர்கள் தெருவில் இருப்பவர்கள், பேறுகால விடுதியில் இருப்பவர்கள், இல்லத்தை நடத்துபவர்கள்.

இங்கே நம் திருச்சபையின் வரலாற்றிலும் ஓர் ஏட்டைப் புரட்டித்தான் ஆகவேண்டும். வேதனையாக இருந்தாலும் மறைப்பது முறையன்று. அயர்லாந்து நாட்டில் 1940-களின் இறுதியிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை, திருமணமாகாத தாய்மாருக்குப் பிறந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவில் தத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பிய இல்லங்களில் பல கன்னியர் நடத்தியவை. கடவுச்சீட்டு வழங்கியது அரசு. இனி ஒருபோதும் பிள்ளையைத் தேட மாட்டேன் என்று தாயிடம் உறுதிமொழி எழுதி வாங்கினார்கள். அந்தப் பெண்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. ஆகவே அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? கத்தோலிக்கக் குடும்பத்துக்குத்தான் பிள்ளை போகிறது, ஞானஸ்நானம் உண்டு, நல்ல உணவு உண்டு என்று அக்காலத்தவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் கொண்டோர் செய்ததன்று அது. தாங்கள் செய்வது நன்மையே என்று நம்பியோர் செய்தது. அதனால்தான் நமக்கு அதிக அச்சம். 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்ததும் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அத்தகைய இல்லம் ஒன்றை நடத்திய கன்னியர் சபையும் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டே, தத்துப் போனவர்கள் தங்கள் பிறப்புச் சான்றைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டமாக்கினார்கள்.

வேத புத்தகத்தில் மோசேயின் கதையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். எகிப்திய அரசகுமாரி எபிரேயக் குழந்தையை எடுத்தாள் என்பதையே நாம் பிரசங்கங்களில் கேட்கிறோம். நாணலருகே அக்காள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. பிள்ளை யார் கையில் போகிறது என்று பார்த்து, பெற்ற தாயையே பாலூட்ட அழைத்து வந்தவள் அவள்தானே. உடன்படிக்கை செய்ய முயல்வதும் அந்த அக்காளின் வேலைதான்.

நம் நாட்டின் இன்றைய நிலைக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின், கிறிஸ்தவரும் மற்றெவரும் மத வேறுபாடின்றி முழு உரிமையோடு தத்தெடுக்கலாம். 2014-ல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகக் கூறிவிட்டது. காப்பாளர் என்ற அரைகுறைப் பெயர் இனி வேண்டியதில்லை. திருச்சபைச் சட்டத்தின் 110-ஆம் விதியும், நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டோரை அந்தப் பெற்றோரின் பிள்ளைகளாகவே ஏற்கிறது. இன்று நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் சட்டம். அதன்படி பிள்ளையை ஒப்படைக்க விரும்பும் தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து கையொப்பமிட வேண்டும். அதன் பிறகும் மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத காலம் உண்டு. கண்டெடுக்கப்பட்ட குழந்தையானால் பெற்றோரைத் தேட வேண்டும்; இரண்டு வயதுக்குள் இருந்தால் இரண்டு மாதம், அதற்கு மேற்பட்டால் நான்கு மாதம். பிறகே 'தத்துக்கு உரியது' என்று அறிவிக்கலாம். அதிலிருந்து அறுபது நாளுக்குள் இந்தியப் பெற்றோரோ வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களோ கிடைக்காவிட்டால்தான் பொதுவாக வெளிநாட்டார் முறை வரும். உடல் மன ஊனமுற்ற குழந்தைகள், உடன்பிறந்தோராய் இருப்போர், ஐந்து வயதைத் தாண்டியோர் ஆகியோருக்கு இதில் முன்னுரிமை தரலாம். சென்ற பிறகும் இரண்டாண்டுகள் அறிக்கை வரவேண்டும். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

2024-25-ஆம் ஆண்டில் நாட்டில் மொத்தம் 4,515 தத்துகள் முடிந்தன. அவற்றில் 4,155 நாட்டுக்குள்ளேயே நடந்தவை. ஆக வெளிநாடு சென்றோர் நானூற்றுக்கும் குறைவு. இதைக் கேட்டதும் நம் தம்பதியர் சிலருக்கு நெஞ்சு பொறுக்காது. 'இத்தனை கோடி மக்கள் உள்ள நாட்டில் இவ்வளவுதானா? நாங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோமே' என்பார்கள். அவர்களுடைய துயரத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் காத்திருப்போரின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிள்ளைகளை உண்டாக்க முற்பட்டபோதுதான் இலங்கையில் பண்ணைகள் தோன்றின.

'அண்ணே, துபாயில் இருக்கிற என் தம்பிக்குப் பிள்ளையில்லை. ஒரு நர்சம்மாவுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கொடுத்தால் போதுமாம். தம்பி மனைவி பெற்றதாகவே சான்றிதழ் வாங்கிவிடலாமாம்' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை: அது தத்து அன்று, பிள்ளை விற்பனை. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்படி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி ஊழியரானால் மூன்றிலிருந்து ஏழாண்டு வரை. தண்டனை கிடக்கட்டும். அந்தப் பிள்ளை இருபது வயதில் தன்னை யார் பெற்றார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இராது. தம்பி செய்ய வேண்டியது காராவின் இணையத்தில் பெயரைப் பதிந்து, தாம் வாழும் இடத்தில் உரிய அமைப்பின் வீட்டாய்வுக்கு உட்படுவது. இந்தியக் குடியுரிமை உள்ளவரானால் இங்குள்ளவர்களோடு சமமாகவே முறை கிடைக்கும்.

சில நாடுகள் எல்லோரோடும் சேராமல் தனியாக இருவர் ஒப்பந்தம் செய்துகொள்வதுண்டு. அவற்றை அதிகம் நம்புவதற்கில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் 2011-ல் அப்படியொன்று எழுதி, 2012 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இரு அரசுகளுக்கும் வேறொரு காரணத்தால் மனக்கசப்பு வந்தது. இரண்டே மாதத்தில், 2013 ஜனவரி முதல் நாளிலிருந்து, அமெரிக்கர் எவரும் ரஷ்யக் குழந்தையைத் தத்தெடுக்கலாகாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தக் குழந்தைகளை நேரில் கண்டு, பெயர் சொல்லி அழைத்துவிட்டு வந்த பெற்றோர் அப்படியே நின்றுபோனார்கள். 2017-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்தத் தடை பாகுபாடானது என்று தீர்ப்பளித்தது. ஆனால் பிள்ளைகள் அதற்குள் நான்கு வயது வளர்ந்துவிட்டார்களே.

இப்போது உலகமெங்கும் இந்தக் கதவு சாத்தப்பட்டு வருகிறது. 2004-ல் ஓராண்டில் ஏறத்தாழ 45,000 குழந்தைகள் நாடு விட்டு நாடு தத்துப் போனார்கள். இன்று அதில் சிறு பங்குதான். 1990-களிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிய சீனா 2024-ல் உறவினர் தத்து தவிர மற்றெல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு நெதர்லாந்து படிப்படியாக முடித்துக்கொள்ள முடிவு செய்தது. ஆறு ஏழு பத்தாண்டுகளில் இரண்டு லட்சம் பிள்ளைகள் வரை அனுப்பிய தென்கொரியாவில், பொய்ப் பதிவுகள் நடந்ததை அந்நாட்டு உண்மை ஆணையமே 2025-ல் கண்டறிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹேக் உடன்படிக்கை அங்கே நடைமுறைக்கு வந்தது.

'நல்லதுதான், எல்லாவற்றையும் மூடிவிடட்டும்' என்று சொல்லக் கேட்கிறோம். நமக்கு அதில் முழு இசைவு இல்லை. இதயக் கோளாறோடு பிறந்த குழந்தை, கண் தெரியாத குழந்தை, ஏழு வயதும் ஒன்பது வயதுமாய்ப் பிரியாமல் இருக்க விரும்பும் அண்ணன் தங்கை ஆகியோருக்கு நம் நாட்டில் வரிசை இல்லை என்பதே உண்மை. நம்மவர் பெரும்பாலும் கேட்பது பச்சிளங்குழந்தை, நோயற்ற குழந்தை; சிலர் நிறத்தையும் கேட்கிறார்கள், சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேற்சொன்ன குழந்தைகளை ஏற்க வருவோர் பெரும்பாலும் கடலுக்கு அப்பாலிருந்தே வருகிறார்கள். கதவை மூடினால் அவர்கள் பதினெட்டு வயது வரை இல்லத்திலேயே இருப்பார்கள். ஆகவே கதவு இருக்கட்டும்; பூட்டும் இருக்கட்டும்; சாவி இரு கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஓர் அலுவலகச் செய்தி. தத்துப் போன பிள்ளையின் பிறப்பு, பெற்றோர், உடல்நலம் பற்றிய விவரங்களை அரசு பத்திரமாகக் காக்கவேண்டும் என்று ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. நம் தமிழ்நாட்டிலிருந்து 1970-களிலும் 80-களிலும் ஐரோப்பாவுக்குச் சென்ற பிள்ளைகள் இன்று நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள். தமிழ் ஒரு வார்த்தையும் அறியாமல், ஒரு புகைப்படத்தையும் ஊர்ப்பெயரையும் வைத்துக்கொண்டு இங்கே தேடி வருகிறார்கள். ஒரு பழைய பதிவேடு அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 877-ஆம் விதியில், தத்துப் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தத்தெடுத்தவர் பெயரை எழுதச் சொல்கிறது. நாட்டின் பதிவேட்டில் பெற்றவர் பெயரும் எழுதும் வழக்கம் இருந்தால் அதையும் எழுதச் சொல்கிறது. நம் பங்கின் பழைய ஏடுகள் சில கரையான் அரித்துக் கிடக்கின்றன. அவற்றைப் பிரதி எடுத்து வைக்கும் பணியைப் பொன்விழாச் செலவில் சேர்க்கும்படி பங்குப் பேரவையை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எழுத்து நன்றாக உள்ள இளைஞர் நால்வர் தேவை. விருப்பமுள்ளோர் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் அழைக்க வேண்டிய எண் 1098. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதியாயிற்று.